ராம் வாங்கும் முன்...

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கினால், "இன்னொரு ராம் போடுங்கள்" என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. ஆனால் எந்த ராம் என்று தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. தவறாக வாங்கிவிட்டால், சென்னைவாசி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இன்னொரு நடை போய் வரலாம். கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் இருப்பவரோ அரியலூருக்கோ தஞ்சாவூருக்கோ மீண்டும் பஸ் ஏற வேண்டும்.

முதலில், ராம் தேவைதானா என்று பாருங்கள். வழக்கமான புரோகிராம்களைத் திறந்துவைத்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பிரிவில் மெமரியைக் கிளிக் செய்யுங்கள். பயன்பாடு எப்போதும் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றால் கூடுதல் ராம் பலன் தரும். மெமரி பாதிகூட நிறையாமல் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்துவதே நல்லது. விண்டோஸ் 32 பிட் பதிப்பு என்றால் 4 ஜிபிக்கு மேல் ராம் போட்டும் பயனில்லை.

அடுத்தது ராமின் வகை. டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது. அடிப்பக்க வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: முன்னதற்கு 1.5 வோல்ட், பின்னதற்கு 1.2 வோல்ட். ராமின் லேபிளில் பிசி3 என்றிருந்தால் டிடிஆர்3, பிசி4 என்றிருந்தால் டிடிஆர்4. லேபிளை செல்போனில் படம் எடுத்து, கடைக்காரரிடம் காட்டுங்கள். லேப்டாப் ராம் நீளம் குறைந்தது, டெஸ்க்டாப்பில் பொருந்தாது.

கழற்றும் முறை:

1. ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தினால் தேங்கிய மின்சாரம் வடியும்.

2. கேபினட்டின் பக்க மூடியைத் திறந்து, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலை மின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடக் கூடும். சிமென்ட் ஆலைகள் உள்ள அரியலூர் வட்டாரத்தில் தூசிக்குக் குறைவில்லை. மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

3. ஸ்லாட்டின் ஓரக் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ராம் மேலெழும். ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள்.

4. புதிய ராமின் வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். 'க்ளிக்' என்று கிளிப் தானே பூட்டிக்கொள்ளும்.

ஆன் செய்ததும் பீப் ஒலி தொடர்ந்து வந்து, திரை இருட்டாகவே இருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை என்றே பொருள். மின் இணைப்பைத் துண்டித்து, கழற்றி மறுபடி பொருத்துங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கலாம்.