டேக்-ஆஃப் ஆனதும் அலாரம் அடித்தால்... விமானி முதலில் என்ன செய்வார்?

விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிச் சில நொடிகள்தான் ஆகியிருக்கும். காக்பிட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, மணி விடாமல் அடிக்கிறது. ஒரு இன்ஜினில் கோளாறு!

சினிமாவாக இருந்தால் கேப்டன் வியர்க்க விறுவிறுக்கப் பத்து பட்டன்களைத் தட்டுவார். நிஜத்தில் அலாரச் சத்தத்தை அணைத்துவிட்டு, சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, விமானத்தை நேராக மேலே ஏற்றுவார்கள். அவ்வளவுதான். குறைந்தது 400 அடி உயரம் போகும்வரை கோளாறின் பக்கமே போகக் கூடாது என்பது பல விமான நிறுவனங்களின் விதி. இன்ஜினில் தீ என்றாலும் இதே கதைதான்.

கேட்பதற்கு விபரீதமாக இருக்கலாம். ஆனால், இரண்டு இன்ஜின் கொண்ட பயணிகள் விமானம் ஒன்றை இழந்தாலும் மற்றொன்றின் பலத்தில் மேலே ஏற முடியும். அதை நிரூபித்தால்தான் அந்த விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். தரைக்குப் பக்கத்தில் பறக்கும்போது இன்ஜின் கோளாறைவிட விமானியின் அவசரமே பெரிய ஆபத்து.

உயரம் கிடைத்த பிறகு வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டுவார், மற்றவர் செக்லிஸ்ட்டைப் படிப்பார். ஒரு இன்ஜினை அணைக்க வேண்டுமென்றால், ஒருவர் அதற்கான பிடியில் கை வைக்க, சரியான இன்ஜின்தானா என்று மற்றவர் பார்த்து 'ஆமாம்' சொன்ன பிறகே அதை நகர்த்த வேண்டும். சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல இருக்கிறதா?

2015 பிப்ரவரி 4, தைவானின் தைபே நகரம். டிரான்ஸ் ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், சுமார் 1,200 அடி உயரத்தில், வலப்பக்க இன்ஜின் பற்றிய எச்சரிக்கை ஒலித்தது. சில நொடிகளிலேயே கேப்டன் இடப்பக்க இன்ஜினின் த்ராட்டிலைக் குறைக்கத் தொடங்கினார். 'கொஞ்சம் பொறுங்கள், சரிபார்ப்போம்' என்று துணை விமானி சொல்லியும் நிற்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த இன்ஜினும் அணைக்கப்பட்டது. தவறு புரிந்தபோது திரும்ப ஸ்டார்ட் செய்ய நேரம் போதவில்லை. மேம்பாலத்தை உரசிக்கொண்டு ஆற்றில் விழுந்தது விமானம். எச்சரிக்கை ஒலித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

இதற்கு நேர்மாறான சம்பவம் 2010 நவம்பர் 4 அன்று நடந்தது. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டஸ் ஏ380 விமானத்தில் நான்கே நிமிடத்தில் ஒரு இன்ஜின் வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்து ஒயர்களை அறுத்தன. திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி உடனே தரையிறங்கப் பறக்கவில்லை. விமானம் நிலையாகப் பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வானில் வட்டமடித்தபடி சக விமானிகளுடன் சேர்ந்து ஒவ்வோர் எச்சரிக்கையாகப் படித்தார். அதற்கே சுமார் 50 நிமிடம் ஆனது. ஒரு கட்டத்தில், எதெல்லாம் பழுது என்று எண்ணுவதை விட்டு, எதெல்லாம் இன்னும் வேலை செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

வெடித்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து சிங்கப்பூரிலேயே தரையிறங்கினார்கள். அங்கும் நிம்மதி இல்லை. ஒரு இன்ஜின் அணைய மறுத்தது, எரிபொருள் ஒழுகியது, பிரேக்குகள் கொதித்தன. அவசரச் சறுக்குப் பாதைகளைத் திறந்துவிட்டால், பயணிகள் ஓடும் இன்ஜினுக்கும் ஒழுகும் எரிபொருளுக்கும் நடுவில்தான் இறங்க வேண்டும். அதனால் தீயணைப்பு வண்டிகள் நுரை அடித்து முடிக்கும்வரை எல்லோரையும் இருக்கையிலேயே உட்காரவைத்தார்கள். பிறகு 469 பேரும் படிக்கட்டு வழியாக நடந்தே இறங்கினார்கள்.