லயத்து வீடும் அதன் அமைப்பும்

தோட்டப்புறத் தமிழில் ‘லயம்’ என்பது இரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டைக் குறிக்கும். அகராதியைப் புரட்டுவோர்க்கு இச்சொல் ஒடுக்கம் என்றும் தாள ஒழுங்கு என்றும் பொருள் தரும். ஆயின் தோட்டத்து லயம் அவ்வழி வந்ததன்று. ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நம் மக்கள் நாவில் லயமாயிற்று. இலங்கை மலையகத்தாரும் லயம் என்றும் லயன் என்றும் வழங்குவர். ஆங்கிலேயர் இந்தியாவில் சிப்பாய்களின் குடியிருப்பையும் ‘லைன்’ என்றே அழைத்தனர். படைவீரர் விடுதிக்குரிய பெயர் குடும்பத்தார் வாழும் வீட்டிற்கு வந்தபோது பெயர் மட்டும் வரவில்லை. அமைப்பும் உடன் வந்தது.

1877-இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. அக்காலத்து லயத்தின் அமைப்பு எளிது. மரக்கால்களின்மேல் ஒரு நீண்ட பலகைத்தளம். நடுவே நெடுஞ்சுவர் ஒன்று. அதன் இருபுறமும் அறைகள். ஓர் அறை, பெரும்பாலும் பத்தடி, பன்னிரண்டடி அளவினது, ஒரு குடும்பத்திற்கு. மணமாகாதோர் பலர் ஓரறையில் தங்குவதும் உண்டு. நடுச்சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம் இருப்பதால் பின்வாசல் இல்லை. காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வழியுமில்லை. இக்குறையைப் போக்கவே பல லயங்களில் அறைகளுக்கிடையேயுள்ள தடுப்பைக் கூரை வரை உயர்த்தாமல் விட்டனர். காற்று வந்ததோ இல்லையோ, அடுத்த வீட்டுப் பேச்சும் புகையும் குழந்தையின் அழுகையும் தடையின்றி வந்தன. கூரை முதலில் அத்தாப்பு, பின்னர் தகரம். அத்தாப்பு ஒழுகும், தகரம் கொதிக்கும்.

மலாய்க்காரர் வீடும் காலின்மேல் நிற்பதே. ஈர மண்ணுக்கும் வெள்ளத்திற்கும் ஏற்ற முறை அது. ஆனால் மலாய் வீடு தனி மனையில், பல சன்னல்களோடு நிற்கும். லயமோ ஒரு கூரையின்கீழ் எத்தனை குடும்பங்களை அடக்கலாம் என்ற கணக்கில் எழுந்தது. அதிகாலையில் பெரட்டு மணி அடித்தால் ஆட்களை எண்ணுதற்கு வரிசை வீட்டைவிட வசதியானது வேறில்லை. துரை பங்களா மேட்டில், கிராணி வீடு இடையில், லயம் தாழ்வில் என இடம் வகுத்ததும் பல தோட்டங்களில் காணப்பட்ட வழக்கமே.

இவ்விடத் தேர்வு உயிர்களையும் பலிகொண்டது. 1897-இல் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். அங்கே பலித்த முறை மலைப்பாங்கான இடங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்தால் தெளிந்த நீரில் வாழும் வேறொரு கொசு இனம் பெருகுகிறது என்பது பின்னர்த் தெரிந்தது. பேராக்கில் அத்தகைய நிலம் மிகுதி. குளிக்கவும் குடிக்கவும் வசதி என்று ஓடையருகே கட்டிய லயமே காய்ச்சலுக்கு உறைவிடமாயிற்று. வீட்டைக் காலின்மேல் உயர்த்தியதால் ஈரத்தினின்று தப்பலாம். கொசுவினின்று தப்ப இயலாது.

வரைபடம் தந்தவர் எவராயினும், வீடாக்கியவர் தமிழரே. லயத்தின் முன்புறத் தாழ்வாரத்தை ‘அஞ்சடி’ என்றனர். 1822-இல் ராபிள்சு சிங்கப்பூர் நகருக்கு வகுத்த திட்டத்தில் கடைகளின் முன்னே மூடிய நடைபாதை விடவேண்டுமென்று விதித்தார். அவ்வழி வந்த ஐந்தடிப் பாதையின் பெயர் தோட்டத்திற்கும் ஏறிற்று. ஊரில் திண்ணை செய்த வேலையை இங்கே அஞ்சடி செய்தது. கிழவர் படுக்கையும் பிள்ளைகள் பாடமும் விருந்தினர் உபசரிப்பும் அங்கேதான். அடுப்பைச் சில இடங்களில் பலகைத்தளத்தின் கீழே மூட்டினர். சில இடங்களில் அஞ்சடியின் ஓரத்தில் மூட்டினர். அறைக்குள் ஒரு சேலையைக் கட்டினால் அதுவே சுவர். மணமான மகனுக்கு அதற்கப்பால் இடம். லயத்தை அடுத்த துண்டு நிலத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் சிதறிக் கிடந்த லயங்கள் பல ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்வேலியிடப்பட்டன. வேலியின் வாயிலைக் கடக்கச் சோதனை, இரவில் ஊரடங்கு. வரிசை வீடு காவலுக்கும் எளிதென்பது அப்போது மெய்ப்பட்டது.

நடுச்சுவரைப் பங்கிட்ட லயங்கள் படிப்படியே மறைந்து, பின்புறம் சமையற்கட்டுடைய வரிசை வீடுகளும் இரட்டை வீடுகளும் வந்தன. தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வேறொரு சட்டம் 1990-இல் வந்தது. அறை பெருகிற்று, குழாயும் மின்விளக்கும் வந்தன. மாறாதது ஒன்று: வீடு வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் நிற்கும். தந்தை ஓய்வுபெறும் வேளையில், வீட்டை இழக்கக்கூடாதென்று மகனையோ மகளையோ படிப்பை விடுத்துப் பால்வெட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் பல. மாணவர் இடைநிற்றலுக்குப் பெற்றோரின் அறியாமையையே காரணமாகக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறை வாழ்ந்தவர்க்கும் அம்மண்ணில் மனையுரிமை என ஒன்றும் இருக்கவில்லை.

ஈப்போவை அடுத்த பத்துகாஜாவில் கெல்லி கோட்டை நிற்கிறது. தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாத மாளிகை அது. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தொழிலாளர் அதைக் கட்டினர். முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய விஷக்காய்ச்சலில் பலர் மாண்டனர். எஞ்சியோர் வேண்டுகோளின்படி எழுந்த மாரியம்மன் கோயில் அருகே இருக்கிறது. அதன் மேற்கட்டில் துரையின் உருவமும் உண்டு. மாளிகையின் அறைகளையும் கோபுரத்தையும் விளக்க ஆளும் ஏடும் உண்டு. பேராக்கின் பல தோட்டங்களில் லயம் நின்ற இடமோ இன்று எண்ணெய்ப்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிவிட்டது. அறை எத்தனை அடி, தூண் எத்தனை, அடுப்பு எந்த மூலையில் என்பதைச் சொல்லத்தக்கவர் அதில் பிறந்து வளர்ந்த முதியவர்களே. அவர்கள் இப்போது தாமானில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.