காரைக்கால் மாங்கனித் திருவிழா

நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவராகிய காரைக்கால் அம்மையார் அவதரித்த திருத்தலம் காரைக்கால். புனிதவதியார் என்பது அம்மையாரின் இயற்பெயர். வணிகனாகிய கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய மாங்கனிகள் இரண்டனுள் ஒன்றை, பசித்து வந்த சிவனடியாருக்கு அன்னத்துடன் இட்டார். பின்னர் உண்ண அமர்ந்த கணவன் இரண்டாம் கனியையும் கேட்க, இறைவனை நினைந்து வேறொரு கனி பெற்று அளித்தார். அக்கனியின் தெய்வச் சுவையால் உண்மை உணர்ந்த பரமதத்தன், மனைவியைத் தெய்வமெனக் கருதி அஞ்சிப் பிரிந்தான். அம்மையார் பேய்வடிவம் வேண்டிப் பெற்று, கயிலையைத் தலையால் நடந்து ஏறினார். ஈசனே அவரை ‘அம்மை’ என்று அழைத்தருளினார்.

இவ்வரலாறே ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவாக நிகழ்கிறது. மாப்பிள்ளை அழைப்பையும் திருக்கல்யாணத்தையும் தொடர்ந்து, பௌர்ணமியன்று பிட்சாடன மூர்த்தி திருவீதி உலா எழுந்தருள்கிறார். வீதியின் இருமருங்கும் மாடிகளிலும் நிற்கும் அன்பர்கள் மாங்கனிகளை வாரி இறைப்பர். அவற்றைப் பிரசாதமாக ஏந்துவோருள் மகப்பேறு வேண்டுவோர் பலர். மாலையில் அம்மையார் பெருமானை எதிர்கொண்டு அழைத்து அமுது படைக்கும் நிகழ்ச்சி நடைபெறும்.

அன்று ஓர் இல்லத்தில் ஒரு கனி ஈயப்பட்டது. இன்று ஊரே கனி ஈகிறது. பசித்தவருக்கு முதலில் இடுவதே சிவபூசை என்பதை அம்மையார் வாழ்ந்து காட்டினார். அவ்வழி நின்று இறையருள் பெறுவோமாக.