வெலிங்டன் வளர்க்கும் வீரர்கள்

நீலகிரி மாவட்டம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இயங்குகிறது மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். இந்திய ராணுவத்தின் மிகப் பழமையான காலாட்படைப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமென்டில் சேரும் இளைஞர்களுக்கு இங்குதான் பயிற்சி.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினர். உள்ளூர்ப் படை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது உணர்ந்தது. 1748-ல் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்த மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், சிதறிக் கிடந்த சிப்பாய்களுக்கு ஒழுங்கான பயிற்சி அளித்தார். அவர்கள் 1758-ல் பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டனர். அந்த ஆண்டே ரெஜிமென்டின் பிறப்பாண்டு.

1803 செப்டம்பர் 23 அன்று தக்காணத்தின் அசாயி களத்தில், ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் மெட்ராஸ் சிப்பாய்கள் பெரும் மராத்தியப் படையை வென்றனர். அதற்கு அடையாளமாகக் கிடைத்த யானைச் சின்னம் இன்றும் வீரர்களின் தொப்பியில் இருக்கிறது. வெல்லெஸ்லி பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனார். ஜக்கதளா என்றிருந்த மலையூர் அவர் பெயரால் வெலிங்டன் ஆயிற்று. ஐரோப்பியப் படையினர் குளிர்ந்த காற்றில் உடல் தேறுவதற்காக 1850-களில் இங்கே பாசறைகள் எழும்பின.

அதே மெட்ராஸ் படையின் சிப்பாய்கள்தான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தனர். சமயக் குறிகளுக்குத் தடை விதித்து, புதுவகைத் தலைப்பாகையைத் திணித்ததே உடனடிக் காரணம்.

1880-களில் சென்னையில் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றோர், வடமேற்கு இந்தியர்களே போருக்கு ஏற்றவர்கள் என்ற 'போர்க்குடி'க் கொள்கையைப் பரப்பினர். தென்னிந்தியர்களைச் சேர்ப்பது படிப்படியாகக் குறைந்தது. 1922 சீரமைப்பில் '3வது மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்று சுருங்கிய படையின் நிரந்தரப் பட்டாலியன்களும் அடுத்த சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டன. திறமையைப் பிறப்பால் அளந்த கொடுமை அது.

இரண்டாம் உலகப்போர் நெருக்கியபோது ஆங்கிலேயர் தெற்கை மீண்டும் நாடினர். 1942-ல் ரெஜிமென்ட் மறுபிறவி எடுத்தது. கோவை அருகே மதுக்கரையில் மையம் அமைந்தது. புதிய பட்டாலியன்கள் பர்மா போர்முனையில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டன. மையம் 1947-ல் வெலிங்டனுக்கு மாறியது. அங்குள்ள பாசறை இன்று ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயரைத் தாங்குகிறது. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர் சமஸ்தானப் படையும் ரெஜிமென்டில் இணைந்தது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்த மார்த்தாண்ட வர்மரின் படைமரபு அதனுடன் சேர்ந்து வந்தது. 1948-ல் காஷ்மீரின் தித்வால், 1965-ல் மகாராஜ்கே, 1971-ல் பசந்தர் ஆறு ஆகிய களங்கள் ரெஜிமென்டின் போர்ப் பெருமைப் பட்டியலில் உள்ளன.

தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் இளைஞர்கள் இங்கே ஒரே அணியில் நிற்கிறார்கள். ராணுவ வட்டாரத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. கடமையில் உயிர் துறப்பதே மேல் என்ற கீதையின் கருத்து ரெஜிமென்டின் குறிக்கோள். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது போர்முழக்கம். பயிற்சி முடிந்ததும் சத்தியப் பிரமாண அணிவகுப்பில் உறுதிமொழி எடுத்த பிறகே ஒருவர் முழுப் படைவீரர் ஆகிறார்.

2021 டிசம்பரில் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தபோது, படையினர் மரியாதை செலுத்தியது இந்த மையத்தில்தான்.

தென்னிந்தியர் போருக்கு ஆகாதவர் என்ற பழிக்கு இந்த ரெஜிமென்ட் களத்திலேயே பதில் சொல்லிவிட்டது. நம் பள்ளிப் பாடநூல்களில் அந்த வரலாறு விரிவாக இடம்பெற வேண்டும்.