கடற்கரையைக் காக்கும் ஊர்க் குழுக்கள்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்க்குக் கடல் என்பது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறை கண்ட காட்சியாகவே பெரும்பாலும் நின்றுவிடும். எனினும் அவ்வூர் பல தலைமுறைகளாகப் பருகிய நீர், கடலை நோக்கிச் செல்லும் நீரேயாகும். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, பேத்தமங்கலத்தில் தேக்கப்பட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குடிநீர் தந்தது. எஞ்சியது ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடி, வேலூர், செங்கற்பட்டுப் பகுதிகள் வழியாகச் சென்று, வயலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. ஆற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். தேக்கப்படும் நீரோடு மணலும் தேங்குகிறது. இடைவழியில் மணல் அள்ளப்படுகிறது. கடைசியில் கரைக்கு வந்து சேர வேண்டிய மணல் குறைந்துபோகிறது. ஆகவே கடற்கரையைக் காப்பது என்னும் பொருள் கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் உரியதன்று.

கரை என்பது ஓரிடத்தில் நிலையாக நிற்கும் நிலம் அன்று. ஓடிக்கொண்டே இருக்கும் மணலின் பாதை. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக் காலத்து அலைகள் தெற்கு நோக்கியும் தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கில் பார்க்குமிடத்து வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழும்பத் தொடங்கியபின் இவ்வோட்டம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை கரைந்தது. ஓர் ஊரைக் காக்கக் கருங்கல் கொட்டினால், அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்று நாம் பாடம் படிப்பதன் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. பயன் ஓரிடத்தில் கணக்கில் ஏறுகிறது. செலவு, கணக்கே எழுதப்படாத வேறோர் இடத்தில் விழுகிறது. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் செய்த மதிப்பீட்டின்படி, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், தமிழ்நாட்டுக் கரையில் பத்தில் நான்கு பங்குக்கு மேலும் அரிப்புக்கு உள்ளாகியுள்ளன.

இத்தகைய கரையை யார் கண்காணிப்பது? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தமிழ்நாட்டுக் கரை முழுவதிலும் அரசு ஊழியரை நிறுத்துதல் இயலாத காரியம். பொதுவளம் எவருக்கும் உரியதாக இல்லாவிடில் அழிந்தே தீரும் என 1968-இல் காரெட் ஹார்டின் வாதிட்டார். அதற்கு மாறாக, வளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாமே கண்காணித்து, மீறியோரைத் தண்டித்து நெடுங்காலம் காத்த இடங்களை எலினார் ஆஸ்ட்ரம் தொகுத்துக் காட்டினார். 2009-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் மீனவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பழவேற்காடு ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை வரையறுக்கும் 'பாடு' முறை, இக்கோட்பாட்டு நூல்கள் எழுதப்படுவதற்கு மிகவும் முந்தியது. எந்த வலை கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என ஊர்ப் பஞ்சாயத்துகள் இன்றும் தீர்மானிக்கின்றன.

பாசி எடுக்கும் பெண்கள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. இவை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சூழ்ந்துள்ள 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டதன் விளைவாக, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. அலையின் வேகத்தை முதலில் தாங்குவது பவளப்பாறையே. அது போனபின் தீவு மணல்மேடாக மட்டுமே நிற்கிறது, மணல்மேட்டைக் கரைக்க அலைக்கு அதிக நாள் தேவையில்லை. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு அவ்வாறு சுருங்கி வந்ததால், அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

இத்தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுத்து வருகின்றனர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்பன அவர்கள் வழங்கும் பெயர்கள். அகர் முதலிய பொருள்கள் செய்யும் ஆலைகளுக்கு இவை செல்கின்றன. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிச் செய்யும் வேலை. பல மணி நேரம் உடல் நீரிலேயே இருக்கும். பூங்கா அறிவிக்கப்பட்டபோது இவ்வேலை சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது. 2000-க்குப் பின் கட்டுப்பாடு இறுகியபோது, பாசி எடுக்கப் போனவர்கள் அத்துமீறியவர்களாகக் கருதப்பட்டனர்.

இதற்கு அப்பெண்கள் மேற்கொண்ட வழியை நம் நிருவாகத் துறை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். எதிர்ப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை. கூட்டமைப்பாகச் சேர்ந்து, தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தனர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக் காலத்தில் பாசிக்கும் ஓய்வு தருவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விலக்கிக் கையால் மட்டுமே பறிப்பது என்பன அவற்றுள் முக்கியமானவை. பாசியின் வேர்ப்பகுதி பாறையில் எஞ்சினால் அது மீண்டும் தழைக்கும். சுரண்டினால் பாசியோடு பாறையும் போகும். இவ்வறிவு அவர்களுடைய கைகளில் இருந்தது. விதியை மீறுவோரைக் கண்டறிவதும் அவர்களுக்கே எளிது. ஏனெனில் நீருக்குள் இருப்பவர்கள் அவர்களே. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுச் சூழல் காக்கும் பணிக்காக வழங்கப்படும் சீகாலஜி பரிசு 2015-இல் அளிக்கப்பட்டது. ஒரு கையால் உலகம் பரிசு வழங்குகிறது. மறு கையால் சட்டம் அவர்களை அத்துமீறியோர் பட்டியலில் வைத்திருக்கிறது. காவலரும் குற்றவாளியும் ஒருவரே என்னும் இந்நிலை எந்தக் கொள்கைக்கும் பெருமை தருவதன்று.

இதே வளைகுடாவில் 2000-இல் தமிழ்நாடு அரசு நிறுவிய உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையும், பன்னாட்டு நிதியுதவியுடன் 2002-இல் தொடங்கிய திட்டமும் கரையோரச் சிற்றூர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை அமைத்தன. மாற்றுத் தொழிலுக்குச் சுழல்நிதிக் கடன், சுய உதவிக் குழுக்கள், விழிப்புணர்வுக் கூட்டங்கள் எனப் பணிகள் நடந்தன. திட்டத்தால் பிறந்த குழுவுக்குத் திட்டநிதி நின்ற மறுநாளே உண்மையான தேர்வு. சுழல்நிதி உண்மையிலேயே சுழல்கிறதா, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட ஆள் வருகிறாரா என்பதைப் பார்த்தால், எந்த ஆண்டறிக்கையும் சொல்லாத செய்தி தெரிந்துவிடும்.

வாய்க்காலும் காடும்

பிச்சாவரத்து அனுபவம் வேறு வகை. அங்கே சதுப்புநிலக் காட்டை வட்டம் வட்டமாக மொட்டையடித்து வெட்டும் முறை பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்து பள்ளமாகி, ஓத நீர் உள்ளே வந்து தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் ஏறியது. விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. காடு அழிந்ததற்குப் பழி விறகு பொறுக்கியவர்கள் மீதும் மாடு மேய்த்தவர்கள் மீதும் விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மைக் காரணம் தேங்கிய நீரே எனக் கண்டு, மீன் முள்ளைப் போல நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதம் வந்து போக வழிசெய்தனர். 1990-களில் வனத்துறையோடும் ஊர் மன்றங்களோடும் கூட்டாக இப்பணி நடந்தது. வாய்க்கால் தூர்ந்தால் மீண்டும் பழைய நிலையே. ஆகவே தூர் எடுக்கும் பொறுப்பை ஊர் ஏற்றதே இத்திட்டத்தின் உயிர்நாடி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகள் திறந்த கரையில் இருந்தவற்றைக் காட்டிலும் குறைந்த இழப்போடு தப்பின. அதற்குப் பின் காட்டின் மதிப்பை எடுத்துரைக்கக் கூட்டம் கூட்டத் தேவை இருக்கவில்லை.

சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், சனவரி தொடங்கிச் சில மாதங்கள் இரவுதோறும் கரையில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கின்றனர். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். ஏறத்தாழ 45 நாளுக்குப் பின் குஞ்சுகள் வெளிவருகின்றன. இவர்கள் வைத்திருக்கும் நாட்குறிப்புகள் விலை மதிப்பற்ற புள்ளிவிவரம். எனினும் 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து அக்கரையில் ஒதுங்கியபோது, நடப்பவர்களால் எண்ண மட்டுமே முடிந்தது. ஆமைகள் மூச்சுத் திணறி இறப்பது கரையோரக் கடலில் இழுக்கப்படும் இழுவலைகளில். அவ்வலைகளைத் தடுக்கும் அதிகாரம் வேறு துறையிடம் இருந்தது.

எண்ணமும் அதிகாரமும்

2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் படிந்த தடித்த எண்ணெய்க் கசடை மாணவர்களும் மீனவர்களும் அரசு ஊழியர்களும் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசத்தலை ஆற்றுக் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர் கைகளே முன்வந்தன. தொண்டு போற்றத்தக்கது, ஆயினும் தகுந்த உறையும் முகமூடியும் இன்றி எண்ணெயில் இறங்குதல் உடலுக்குத் தீங்கு. தொண்டரின் உழைப்புக்கு விலை இல்லை என்பதால் அதற்குச் செலவும் இல்லை எனத் திட்டமிடுவோர் எண்ணிவிடுகின்றனர். ஓர் இரவு காவலுக்கு நிற்கும் மீனவர் மறுநாள் வருமானத்தை இழக்கிறார். அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

சட்டத்தில் இடமே இல்லை என்றும் கூற முடியாது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. அதற்குப் பதிலாக 2011-இல் வந்த அறிவிக்கை, ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு அமைத்து, மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூவரேனும் அதில் இடம்பெற வேண்டும் என விதித்தது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் உள்ளாட்சி தோறும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கௌரவக் காப்பாளர் பதவியும் உண்டு. இம்மூன்று வாயில்களையும் கரையோரத் தொண்டர் குழுக்கள் போதிய அளவு தட்டவில்லை. தட்டியவர்க்கு உடனே திறக்கப்பட்டது என்றும் சொல்வதற்கில்லை.

பிலிப்பைன்சு நாட்டின் 'பந்தாய் தாகாத்', அதாவது கடற்காவல், ஒப்பிட்டு நோக்கத்தக்கது. 1998-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை உள்ள கடல், உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ளது. மீனவர் சங்கத்தார் பயிற்சி பெற்று மீன்வளக் காப்பாளராக நியமனம் பெறலாம். விதி மீறும் படகை அவர்கள் மறிக்கலாம். சில உள்ளாட்சிகள் சிறு மதிப்பூதியமும் தருகின்றன. அங்கும் குறைகள் உண்டு: படகுக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாத குழுக்கள் பல, காவலில் உயிரிழந்தோரும் உளர். எனினும் தொண்டர் கையில் ஓர் ஆணைத்தாள் இருக்கிறது. நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கியது. விசைப்படகு அதற்குள் வருவதை முதலில் காண்பவர் நாட்டுப் படகு மீனவரே. அவரால் செய்யக்கூடியது, தொலைபேசியில் தெரிவித்துவிட்டுக் காத்திருப்பது.

தங்கவயலாருக்கு இந்நிலை புரியாததன்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டபின், நூறாண்டுக்கு மேல் கொட்டிய சயனைடு மேடுகள் அங்கேயே நிற்கின்றன. காற்றுக் காலத்தில் எந்தத் தெருவில் தூசி எவ்வளவு விழுகிறது என்பதை அத்தெருவில் குடியிருப்போரே அறிவர். அதை அளந்து பதிவு செய்யும் முறைதான் அவர்களிடம் இல்லை.

அளப்பது அரிதன்று. கே.ஓ. எமரி என்பவர் 1961-இல் விளக்கிய முறைக்கு வேண்டுவன, அளவு குறித்த இரண்டு கழிகளும் ஒரு கயிறும் மட்டுமே. கரைமேட்டில் நிலையான ஓர் அடையாளத்திலிருந்து கடலை நோக்கி இரு கழிகளையும் கயிற்றின் நீளத்துக்கு நட்டு, அடிவானத்தோடு கண்ணைப் பொருத்தினால், கழிக்குக் கழி மணல் எவ்வளவு தாழ்கிறது எனத் தெரியும். அதை நீர் விளிம்பு வரை தொடர்ந்து, மாதந்தோறும் அதே நாளில், அதே ஓத நிலையில் செய்தால், ஓராண்டில் கரையின் குறுக்குவெட்டு வரைபடம் கிடைத்துவிடும். கரீபியன் தீவுகளில் யுனெஸ்கோ துணையோடு பள்ளி மாணவர்கள் 1990-களின் இறுதி முதல் இத்தகைய எளிய அளவீடுகளைச் செய்து வந்துள்ளனர். பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகில் ஓர் ஊர் இவ்வாறு ஐந்தாண்டு அளந்து, அக்கணக்கை மாவட்டக் குழுவின் முன் வைக்குமாயின், ஆற்றின் மேற்பகுதியில் மணல் அள்ள உரிமம் வழங்கும் அலுவலர் அதைப் பார்க்காமல் கோப்பில் கையெழுத்திடுவது கடினமாகும். அவ்வலுவலரின் மேசைக்கு அது போய்ச் சேர இன்று விதியில் வழியில்லை. கடற்கரை அறிவிக்கை ஆற்றில் ஓதம் ஏறும் எல்லையோடு நின்றுவிடுகிறது.