அகதி மனுவும் நாவலும்: பாரிஸிலிருந்து எழுதும் ஷோபாசக்தி

பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்துக்கு அருகே, லா ஷப்பல் பகுதியில் அமைந்துள்ளது ரூ பிலிப்-து-ஜிரார். லினன் நூற்பு இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தாங்கிய இத்தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று தமிழ்ப் பெயர்ப்பலகைகளே அதிகம் கண்ணில் படுகின்றன. 1980களில் தொடங்கி, இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு இது.

இவ்வாறு வந்தவர்களில் ஒருவர்தான் ஷோபாசக்தி என்ற புனைபெயரில் எழுதும் அந்தோனிதாசன் யேசுதாசன். யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் 1967ஆம் ஆண்டு பிறந்த அவர், பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்து, பின்னர் விலகியவர். தாய்லாந்தில் சில காலம் அகதியாக இருந்துவிட்டு 1993இல் பிரான்ஸ் வந்தார். உணவகங்களில் பாத்திரம் கழுவுவது உள்ளிட்ட பல கூலி வேலைகளைச் செய்தபடியே எழுதினார்.

அவரது முதல் நாவலான 'கொரில்லா' 2001இல் வெளியானது. துரத்தல், தலைமறைவு, காட்டிக்கொடுப்பு, கொலை என்று திகில் நாவலுக்குரிய அனைத்தும் அதில் உண்டு. ஆனால் அது தொடங்குவதோ, பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதப்பட்ட ஓர் அகதித் தஞ்ச மனுவுடன்.

இந்தத் தொடக்கத்துக்குக் காரணம் உண்டு. பிரான்ஸில் தஞ்சம் கோருபவர் தன் கதையை எழுத்தில் தரவேண்டும். பின்னர் அதிகாரியின் நேர்காணலில் அதையே விளக்கவேண்டும். தேதிகள் பொருந்தவேண்டும். கைதும் சித்திரவதையும் நம்பும்படி சொல்லப்படவேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டில் மீண்டும் அதே கதை. தஞ்சக் கோரிக்கையாளர் ஒவ்வொருவரும், விரும்பியோ விரும்பாமலோ, ஒரு கதை சொல்லியாகிறார். அந்த மனுவின் வடிவத்தையே ஷோபாசக்தி இலக்கியமாக்கினார்.

2004இல் வெளியான 'ம்' நாவலின் பின்னணியில், 1983 ஜூலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட வெலிக்கடைச் சிறைப் படுகொலை இருக்கிறது. அந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு இடப்பட்ட தலைப்பின் பொருள் 'துரோகி'. இலங்கை அரசின் வன்முறையுடன் இயக்கங்களின் வன்முறையையும் எழுதியவர்கள் மீது எளிதில் சுமத்தப்பட்ட சொல் அது.

அக்காலத்தில் அது வெறும் வசைச்சொல்லாக மட்டும் இருக்கவில்லை. இயக்கங்களை விமர்சித்து வந்த சபாரத்தினம் சபாலிங்கம் 1994 மே முதல் தேதி பாரிஸ் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரான்ஸை வந்தடைந்துவிட்டதாலேயே எழுத்தாளர் பாதுகாப்பாக இருந்துவிட முடியாது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது. எழுதுபவரின் உறவினர்கள் பலர் இன்னமும் ஊரில் இருந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 2006 மே மாதம் அல்லைப்பிட்டியிலும் அருகிலுள்ள ஊர்களிலும் பொதுமக்கள் 13 பேர் கொல்லப்பட்டனர்.

திகில் நாவல்கள் வழக்கமாகக் குற்றவாளி யார் என்ற கேள்வியை இறுதிவரை ஒளித்துவைக்கும். ஈழப்போரை எழுதும் நாவலாசிரியருக்கு அந்த வசதி இல்லை. கொன்றது யார் என்பது பல சமயங்களில் ஊருக்கே தெரியும். அதை வெளிப்படையாகச் சொல்லப்போவது யார் என்பதே அங்கு எஞ்சும் கேள்வி.

போர் 2009 மே மாதம் முடிவுக்கு வந்தது. 2015இல் ஷோபாசக்தி நாயகனாக நடித்த 'தீபன்' திரைப்படம் கான் விழாவில் தங்கப்பனை விருதை வென்று உலகின் கவனத்தை ஈர்த்தது. பெருமளவில் தமிழிலேயே உரையாடல்கள் அமைந்த, ழாக் ஓடியார் இயக்கிய படம் அது. எனினும் 'பாக்ஸ் கதைப் புத்தகம்' (2015), 'இச்சா' (2019) ஆகிய அடுத்தடுத்த நாவல்களிலும் அவர் போரையும் அது விட்டுச்சென்ற காயங்களையுமே எழுதினார்.

2022இல் பொருளாதார நெருக்கடியும் மக்கள் எழுச்சியும் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே வெளியேறச் செய்தன. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் கேட்டுவரும் கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. தஞ்ச மனுக்கள் அதிகாரிகளின் தீர்ப்புடன் மூடப்பட்டுவிடும் கோப்புகள். அக்கோப்புகளில் இடம்பெறாதவற்றையும் சேர்த்து, வாசகரிடம் மீண்டும் விசாரணைக்கு வைக்கின்றன இந்நாவல்கள்.