விரல் தொடும் எழுத்தும் உரிமைதான்

பள்ளிப் படிப்பு முழுவதையும் கணினிக் குரலைக் கேட்டே முடித்த பார்வையற்ற மாணவரிடம் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ‘பரவை’ எங்கே, ‘பறவை’ எங்கே என்று தடுமாறுவார். அது அவருடைய அறிவில் உள்ள குறை அல்ல. எழுத்து அவர் கைக்கே வந்ததில்லை. கணினிக் குரலில் ரகரமும் றகரமும் பல நேரம் பிரிந்து கேட்பதில்லை. நகரமும் னகரமும் காதுக்கு ஒன்றுதான். பார்வையுள்ள பிள்ளை ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தே அதன் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வாய்ப்பை விரல் வழியே தருவது பிரெய்ல். “இப்போதுதான் எல்லாவற்றையும் கணினி படித்துக் காட்டுகிறதே, பிரெய்ல் எதற்கு?” என்று கேட்கும் அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். காதால் கேட்பவருக்குச் செய்தி கிடைக்கும். எழுத்தறிவுக்கு எழுத்து வேண்டும்.

கணினியில் அந்த எழுத்தை விரலுக்குத் தருவது, விசைப்பலகைக்கு முன்னால் வைத்துப் படிக்கும் நீளமான கருவியான பிரெய்ல் டிஸ்ப்ளே. அதில் 20, 40, 80 என்ற கணக்கில் செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் பெரும்பாலும் எட்டுப் புள்ளிகள். பல கருவிகளில், மின்னழுத்தம் பட்டால் வளையும் பீசோ பட்டைகள் அந்தப் புள்ளிகளை மேலே தள்ளுகின்றன. விலை உயர்வுக்குப் பெரிய காரணமும் இந்தப் பட்டைகள்தான். 40 செல் கருவி என்றால் பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். திரையில் உள்ள வரியை, திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் எடுக்கிறது, பிரெய்ல் மென்பொருள் அதைப் புள்ளிகளாக மாற்றுகிறது, விரலுக்கடியில் அந்த வரி எழுகிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடர் முற்றிலும் இலவசம். பிரெய்லாக மாற்ற அது பயன்படுத்தும் லிப்லூயி மென்பொருளும் இலவசம். அதில் தமிழ் எழுத்துகளைப் புள்ளிகளாக மாற்றும் அட்டவணை உண்டு. ஆகவே, கருவி கிடைத்தபின் மென்பொருளுக்குக் காசில்லை என்று எந்த அலுவலகமும் சாக்குச் சொல்ல முடியாது.

கருவி வந்தும் பயன்படாமல் போவதற்குச் சில காரணங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் ‘க’வுக்கும் ஆங்கில ‘கே’வுக்கும் 1, 3 என்ற அதே புள்ளிகள்தான். எந்த மொழியாகப் படிப்பது என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது. என்.வி.டி.ஏ. அமைப்புகளில் பிரெய்ல் பகுதிக்குப் போய் வெளியீட்டு அட்டவணையைத் தமிழுக்கு மாற்றாவிட்டால், தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் பொருளற்ற குறியீட்டு எண்கள் ஓடக்கூடும். உடனே கருவி பழுது என்று சொல்லி அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை தெரியாததால் ஒரு மாணவரின் ஆண்டு வீணாகிறது.

இதைவிடப் பெரிய தடை ஆவணங்களில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, பார்ப்பவருக்குத் தமிழ். கணினிக்கோ தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகள். குரலும் உளறும், பிரெய்லும் உளறும். டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையில் அமைந்த கோப்புகளையும் வழக்கமான ஸ்க்ரீன் ரீடர் தமிழாக அறியாது. முத்திரையிட்டு ஸ்கேன் செய்த ஆணை வெறும் படம். அதிலிருந்து விரலுக்கு ஒரு புள்ளிகூட எழாது. எனவே அலுவலகத்திடம் கேட்கும்போது, “யுனிகோடு தமிழில், எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கக்கூடிய கோப்பாகத் தாருங்கள்” என்று இதே சொற்களில் கேளுங்கள். ‘சாஃப்ட் காப்பி’ என்று மட்டும் கேட்டால் ஸ்கேன் செய்த படம்தான் வரும். மென்பொருள் மாற்றிய பிரெய்லைத் தேர்வுக்கோ பாடநூலுக்கோ பயன்படுத்துமுன் பிரெய்ல் நன்கு படிக்கத் தெரிந்த ஒருவர் சரிபார்த்தாக வேண்டும். கட்டமிட்ட அட்டவணைகள், கணிதக் குறிகள், தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள் ஆகிய இடங்களில்தான் பிழை அதிகம் புகும்.

பாடநூலைப் பிரெய்லாக மாற்றினால் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்று சில ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 52(1)(இசட்.பி.), மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்தில் ஒரு நூலை மாற்றவும், அவர்களுடைய சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் பகிரவும் அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. மாற்றிய கோப்பைப் பொதுவில் கண்டபடி பரப்பாமல், தேவைப்படுபவர்களுக்குள் மட்டும் பகிர்ந்துகொண்டால் போதும்.

கருவியும் கோப்பும் கேட்கும் கோரிக்கைகளுக்கெல்லாம் அடித்தளம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. குறைந்தது 40 சதவீதக் குறைபாடு சான்றளிக்கப்பட்ட மாணவருக்கு, 18 வயது வரை புத்தகங்களும் உரிய உதவிக் கருவிகளும் இலவசமாகத் தருவதை அரசின் கடமையாக்குகிறது பிரிவு 17. அரசு நிறுவனம் தன் ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும் என்கிறது பிரிவு 20. மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதைப் பிரிவு 42 வலியுறுத்துகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வங்கியோ அரசு இணையதளமோ ஸ்க்ரீன் ரீடருக்கு வழிவிடாதபோது, மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

வங்கி என்றதும் இன்னொன்று. கணக்கின் இருப்பையும் ஓ.டி.பி.யையும் கணினி உரக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். டிஸ்ப்ளே இருந்தால் குரலை அணைத்துவிட்டு விரலால் படிக்கலாம். என்.வி.டி.ஏ.யில் திரைச்சீலை (ஸ்க்ரீன் கர்ட்டன்) வசதியை இயக்கினால், பின்னால் நிற்பவர் கண்ணுக்குத் திரை கறுப்பாகத்தான் தெரியும். பிறர் உதவியில்லாமல் தன் பணத்தைத் தானே பார்ப்பது கண்ணியத்தைச் சேர்ந்தது. அதற்காகவும் இந்தக் கருவியைக் கேட்கலாம்.

கேட்பது எழுத்தில் இருக்கட்டும். பெயர், மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டை எண், என்ன வேலைக்கு அல்லது படிப்புக்கு, எத்தனை செல் கருவி, எந்த மென்பொருள், பயிற்சி வேண்டுமா என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மனுவைக் கொடுத்து நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வேலை தொடர்பான கோரிக்கை மறுக்கப்பட்டால், ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் 2016 சட்டத்தின் பிரிவு 23இன்படி இருக்க வேண்டிய குறைதீர் அலுவலரிடம் புகார் தரலாம்; பதிவான இரண்டு வாரங்களுக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அங்கும் முடியாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழு. அதன்பின் மாநில அரசு சார்ந்ததை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், ரயில்வே, மத்திய அரசுத் துறை போன்றவற்றைத் தலைமை ஆணையரிடமும் கொண்டு போகலாம். சாட்சிகளை அழைப்பது, ஆவணங்களைக் கோருவது போன்றவற்றில் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

சொந்தப் பணத்தில் வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். உங்கள் கணினியில், உங்கள் ஸ்க்ரீன் ரீடரோடு, தமிழ்க் கோப்பு ஒன்றைப் படித்துப் பார்த்தபின்பே பணம் கொடுங்கள். 2018இல் வந்த ஹெச்.ஐ.டி. பிரெய்ல் தரத்தில் இயங்கும் கருவி என்றால் தனி டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. வியர்வையும் தூசியும் புள்ளிகளைச் சிக்கவைக்கும் என்பதால், உள்ளூரிலேயே பழுதுபார்க்க ஆள் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விற்றவர் கைவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பழுதான கருவி தேர்வு மாதத்தில் கடைக்காரரிடம் கிடந்தால் எந்த இழப்பீடும் அந்தத் தேர்வைத் திருப்பித் தராது. அதனால் பழுதுபார்க்கும் காலத்துக்கு மாற்றுக் கருவி தர வேண்டும் என்ற நிபந்தனையை ரசீதிலோ கொள்முதல் ஆணையிலோ முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். பள்ளியோ அலுவலகமோ வாங்கித் தருவதானாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.